ட்ரயல் ரூமில் முதலாளி

புதிய ஷோரூமின் ரிப்பனை வெட்டி முடித்ததும் தண்டபாணிக்கு யாரும் இல்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது. ஒரே ஒரு ரெடிமேட் கடையில் தொடங்கி இன்று நான்கு மாநிலங்களில் கிளை பரப்பியவர் அவர். மனைவி பூங்கோதை போன மாசியில் இறந்த பிறகு அவர் திறக்கும் முதல் கடை இது. மாலையும் பொன்னாடையுமாக ஆட்கள் தளம் தளமாக அவரைத் தேடிக்கொண்டிருக்க, அவர் ஆண்கள் பிரிவின் ட்ரயல் ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய கட்டடத்தில் தனியாக இருக்க இந்த அறைதான் கிடைத்தது. முக்காலியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதார்.

கதவு தட்டப்பட்டது.

“சார், ரொம்ப நேரமாச்சு. சைஸ் சரியா இருக்கா?”

அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அன்பரசியின் குரல் அது. உள்ளே இருப்பது யாரென்று அவளுக்குத் தெரியாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கொஞ்சம் டைட்டா இருக்கும்மா. நாப்பத்திரெண்டு இருக்கா பாரு.”

சற்று நேரத்தில் கதவுக்கு மேலே ஒரு நீலச் சட்டை வந்து தொங்கியது. அவர் பட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைபோல அதைப் போட்டுக்கொண்டார். கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை.

“போட்டாச்சா சார்? வெளிய வாங்க, எப்படி இருக்குன்னு நான் பாத்துச் சொல்றேன்.”

அப்படிச் சொல்ல இனி ஒருவரும் இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். முகத்தைத் துடைத்து, காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு தாழ்ப்பாளை நீக்கினார்.