ஆமெனுக்கு முன்

“முடிவு ஜெபம் நான் பண்றேன்” என்று ஒலிபெருக்கி அக்கா எழுந்து, வாசலைப் பார்த்து நின்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஜெபக்கூட்டம் நடந்த வீட்டுக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒலிபெருக்கி என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இல்லை, தெருவில் வைத்தது. அவள் வாயைத் திறந்தால் ஆண்டவருக்கு மட்டுமல்ல, அடுத்த தெருவுக்கும் கேட்கும். நாட்டை ஆளுகிறவர்கள், கடலில் போகிறவர்கள், ஆகாயத்தில் பறக்கிறவர்கள், சிறையில் கிடக்கிறவர்கள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்வாள்.

வீட்டுக்காரி கான்வென்டில் படித்தவள். அங்கே ஜெபத்துக்கு ஒரு அளவு உண்டு. கடவுளுக்கும் வேறு வேலை இருக்கும் என்று அந்த சிஸ்டர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் இன்றைய கவலை அது இல்லை. மத்தியானம் மகள் போன் செய்திருந்தாள்.

“அம்மா, பெட்டியோட கிளம்பிட்டேன். இனிமே அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். அப்பா வந்ததும் நானே சொல்றேன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்மா.”

“இன்னிக்கு நம்ம வீட்டுல ஜெபக்கூட்டம்டி” என்று இவள் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

கூட்டம் இல்லை என்று சொல்லலாமென்றால், ஏன், எதற்கு என்று கேட்டே விஷயத்தைக் கறந்துவிடுவார்கள். அதில் கெட்டிக்காரி ஜெபக்குழுவின் செயலாளர் அம்மா. மெல்லிய குரல், குனிந்த தலை. “ஜெபத்துக்காகத்தான் சொல்றேன், நமக்குள்ளேயே இருக்கட்டும்” என்று ஆரம்பிப்பாள். தையல்காரம்மாவின் மருமகன் கோபித்துக்கொண்டு போனதை இப்படித்தான் ஜெபத்துக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடகர் குழு முழுக்கத் தெரிந்துவிட்டது. தையல்காரம்மாவின் மகள் அதற்குப் பிறகு கோயில் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். ஹாலைத் தாண்டித்தான் படுக்கையறை. ஹால் நிறைய முழங்கால் போட்ட பெண்கள். மகள் வருவதற்குள் இவர்களை அனுப்பியாக வேண்டும்.

ஒலிபெருக்கி அக்கா இப்போதுதான் கடலுக்கு வந்திருந்தாள்.

‘சீக்கிரம் கரை ஏறித் தொலையேன்’ என்று வீட்டுக்காரி பல்லைக் கடித்தாள்.

ஆகாயம் முடிந்தது. சிறையும் முடிந்தது. ஒருவழியாக, “இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே...”

எல்லாரும் ஆமெனுக்கு வாயைத் திறந்தாகிவிட்டது.

அப்போதுதான் வெளியே கார் வந்து நின்றது.

“...பிதாவே, இன்னும் ஒரு காரியம்” என்றாள் ஒலிபெருக்கி அக்கா. “யாரும் கண்ணைத் திறக்காதீங்க. தலையைத் தரை வரைக்கும் தாழ்த்துங்க. ஒருத்தரும் நிமிரக் கூடாது.”

சொல்லிவிட்டுக் குரலை எடுத்தாள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மறுபடியும் நாட்டை ஆளுகிறவர்களிலிருந்து.

வந்தது மகள்தான் என்று வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கலாம் என்றால் பக்கத்திலேயே செயலாளர் அம்மா. இவள் திரும்பினால் அவளும் திரும்புவாள்.

லேசாகத் தலையைத் தூக்கி ஒலிபெருக்கி அக்காவைப் பார்த்தாள். ஊரையெல்லாம் கண்ணை மூடச் சொன்ன மகராசி, தன் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாள். ஒரு கை காற்றில் வீசிக்கொண்டிருந்தது.

‘எவள் ஒழுங்காக முழங்கால் போட்டிருக்கிறாள் என்று சோதனை போடுகிறாளாக்கும். இதெல்லாம் ஒரு ஜெபம்.’

ஆமென் வந்தபோது பலருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.

“நம்ம முட்டிக்கும் சேர்த்து ஜெபிச்சிருக்கலாம்” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“வாசல்ல கார் நின்ன மாதிரி இருந்துச்சே, யாரு?” என்றாள் செயலாளர் அம்மா, மெல்லிய குரலில்.

“ஜெப நேரத்துல உங்க காது வாசல்லயா இருந்துச்சு?” என்றாள் ஒலிபெருக்கி அக்கா. செயலாளர் அம்மா பைபிளைப் பைக்குள் வைப்பதில் மும்முரமானாள்.

வீட்டுக்காரி வாசலுக்கு ஓடினாள். தெரு காலி. காரும் இல்லை, மகளும் இல்லை. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, வந்த காரிலேயே திரும்பிப் போய்விட்டாளா? எங்கே போவாள்? வேறு எந்த வீடு இருக்கிறது அவளுக்கு?

போனை எடுக்கப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

கட்டிலுக்குப் பின்னால், தரையில், பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய முகம்.

வீட்டுக்காரி கதவைச் சாத்திவிட்டு அவளை வாரி அணைத்துக்கொண்டாள். “எப்படிடி உள்ளே வந்தே?”

“வாசல்ல அத்தனை செருப்பையும் பாத்துட்டு, திரும்பிடலாம்னுதான் இருந்தேன். நின்னுக்கிட்டு ஜெபம் பண்ணினாங்களே, அந்த அக்கா என்னைப் பாத்துட்டாங்க. உள்ளே போ, உள்ளே போன்னு கையைக் காட்டினாங்க. பெட்டி உருள்ற சத்தம் யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அப்படிக் கத்தினாங்கம்மா. நான் இந்தக் கதவைச் சாத்தினப்புறம்தான் ஆமென் சொன்னாங்க.”

வீட்டுக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி அக்கா வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இவள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா” என்றாள் அக்கா, தெருவுக்கே கேட்கும் குரலில். “ஜெபம் ரொம்ப நீண்டு போச்சுன்னு எல்லாரும் திட்டறாங்க. நீயும் திட்டப் போறியா?”

“இல்லக்கா. சரியான இடத்துலதான் முடிச்சீங்க.”