எனக்கு மேல்பாதி

"மேல்பாதி எனக்கு" என்றேன்.

சொல்லும்போது, தோட்டத்தை வளர்த்த அத்திப்போக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். அந்த முகம் சுண்டிப்போவதைக் காணத்தான் குமாசி நகரத்திலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்திருந்தேன்.

மேல்பாதிக் கொக்கோ மரங்களில் அடிமரமே தெரியவில்லை. மஞ்சள் காய்கள் அப்பிக்கிடந்தன. ஓடைப்பக்கமிருந்த கீழ்ப்பாதியில் மரத்துக்குப் பத்தோ பன்னிரண்டோ தொங்கின.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. நிலம் என்னுடையது. காட்டை வெட்டி, கன்று நட்டு, காய்க்கிறவரை வளர்ப்பது அவள் பாடு. காய்த்ததும் தோட்டம் ஆளுக்குப் பாதி. கோடு போடுவது அவள். எந்தப் பாதி என்று முதலில் சொல்வது நான்.

என் மாமன் எனக்கென்று விட்டுப்போன நிலத்தில் ஒரு வடக்கத்திக்காரிக்குப் பாதி! நினைத்தாலே வயிறு எரிந்தது.

அவள் புருஷன் தங்கம் தோண்டப் போனவன் திரும்பவே இல்லை. இவளும் மூட்டையைக் கட்டிவிடுவாள் என்று ஆறு வருஷம் காத்திருந்தேன். அசையவில்லை. குமாசியில் என் டயர் கடையை விட்டு நான் ஒரு நாள்கூட இங்கே எட்டிப்பார்த்ததில்லை. வந்தால் உரம் கேட்பாள், அரிவாள் கேட்பாள்.

ஆனால் எனக்கு இங்கே ஒரு கண் இருந்தது. அக்கா மகன் அம்பொன்சா. போன மே மாதம் அவன்தான் போன் செய்தான்.

"மாமா, இந்தப் பொம்பளைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. விடிஞ்சதும் முள்ளுவாங்கியத் தூக்கிக்கிட்டு மேல்பாதிக்குப் போயிர்றா. பூவுக்கும் பூவுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறா!"

விசாரித்தேன். கிறுக்கு இல்லை. விவசாய ஆபீஸ் பெண் ஒருத்தி ஊருக்கு வந்து புது முறை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கொக்கோப் பூ சட்டைப் பொத்தான் அளவுதான். பூச்சியை நம்பினால் நூறு பூவில் இரண்டோ மூன்றோதான் காயாகும். வேறு மரத்துப் பூவைக் கொண்டுவந்து, இதழை உரித்து, கையாலேயே மகரந்தத்தைத் தேய்த்துவிட்டால் தேய்த்ததில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளுமாம். ஊரே சிரித்தது. இவள் மட்டும் செய்துபார்த்திருக்கிறாள்.

"கீழ்ப்பாதியில?" என்று கேட்டேன்.

"அங்க ஒரு பூவக்கூடத் தொடல மாமா."

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. யாரானாலும் தண்ணீர் இருக்கிறதென்று ஓடைப்பக்கத்தைத்தான் கேட்பார்கள், நானும் அதையே கேட்பேன் என்று நினைத்திருக்கிறாள். தனக்கு மிஞ்சப்போகும் பாதியைச் சத்தமில்லாமல் ஊட்டி வளர்க்கிறாள், கள்ளி. வளர்க்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இப்போது அத்திப்போக்கா கையைப் பிசைந்தாள்.

"பெரியவரே, ஓடைப்பக்கம் எடுத்துக்கங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"யாரு நல்லதுக்கு? உங்க ஊர்ல வெங்காயம் நட்டுக்கிட்டு இருந்தவ, எனக்கு நீ புத்தி சொல்றியா?"

அம்பொன்சா விழுந்து விழுந்து சிரித்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அது போதவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

சாட்சிக்கு வந்திருந்த ஊர்த் தலைவர் ஷ்னாப்ஸ் சாராயப் புட்டியைத் திறந்தார். என் பெயரையும் அவள் பெயரையும் சொல்லி, மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் ஆமாம் என்றேன். பூமிக்கு ஊற்றினார். மண் குடித்துவிட்டால் பிறகு அதை மாற்ற யாராலும் முடியாது. இனி எந்தப் பஞ்சாயத்தும் இவளுக்குக் கை கொடுக்காது என்று நிம்மதியாக இருந்தது.

எல்லைக்கு அடையாளமாகப் போத்துக் கிளை நடுவதுதான் பாக்கி. முதலில் எடுத்தவன் தன் பக்கத்தில், தன் கையாலேயே குழி தோண்டி நட வேண்டும்.

கடப்பாரையை ஓங்கிப் போட்டேன்.

ணங்கென்றது. கை முழங்கை வரை அதிர்ந்தது.

ஓரடி தள்ளிப் போட்டேன். ணங். காலால் சருகை விலக்கினேன். ஆறு வருஷத்து இலைச்சருகு மெத்தைபோலக் கிடந்தது. அதற்கடியில் ஒரு சாண் மண். அதற்கும் கீழே சிவப்புச் சரளை, பாறையாக இறுகிப்போனது.

"தள்ளிப் போங்க மாமா" என்று அம்பொன்சா வாங்கிப் போட்டான். ணங். சிரிப்பு அவனை விட்டுப் போயிருந்தது.

"அங்கெல்லாம் அப்படித்தான் பெரியவரே" என்றாள் அத்திப்போக்கா. "ஒவ்வொரு குழியும் நான் தோண்டினதுதான. ஓடைப்பக்கம் எடுத்துக்கங்கன்னு அதுக்குத்தான் சொன்னேன்."

குரலில் கெஞ்சல் இல்லை. பேசியபடியே அம்பொன்சாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு முள்ளுவாங்கியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மண்ணு எப்படி இருந்தா என்னடி? காய்ச்சிருக்குல்ல!" என்று கத்தினேன்.

"காய்ச்சிருக்கு. ஆனா சின்ன மரத்துல அம்பது காய்க்கு மேல விடாத, விட்டா உரம் போடு, இல்லன்னா அடுத்த வருஷமே மரம் படுத்துரும்னு அந்த ஆபீஸ் பொண்ணு சொல்லிச்சு." ஓடைப்பக்கம் இறங்கப் போனவள் நின்று திரும்பினாள். "நீங்கதான் ஆறு வருஷமா உரமே குடுக்கலையே, பெரியவரே."

நிமிர்ந்து பக்கத்து மரத்தைப் பார்த்தேன். நுனிக்கிளைகளில் இலை வெளுத்திருந்தது. வந்தபோது வெயில் என்று நினைத்திருந்தேன்.

காய்களை எண்ணத் தொடங்கினேன். எண்பது வந்தபோது அடிமரம்தான் முடிந்திருந்தது.