முதல் கைதட்டல்

வேலப்பனுக்குச் சால்வை போர்த்தியபோது முதலில் கை தட்டியவள் சுப்பம்மாதான். கூக்கால் மலைக்கிராமத்துச் சமுதாயக் கூடமே திரும்பி அவளைப் பார்த்து முகம் சுளித்தது.

"புருசனை முழுங்குனவனுக்குக் கை தட்டுறா பாரு. வெக்கங்கெட்ட பொம்பள!" என்றாள் பின்வரிசை ஆனந்தி. சுப்பம்மா காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

ஊரில் நடந்த அறிவியல் கூட்டத்துக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தானாம், அதற்குச் சால்வை. இவனுக்குச் சால்வை ஒரு கேடு! ஊர் ஓடையைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டவன் மேல் மனுக் கொடுக்கக் கிளம்பினான் சுப்பம்மாவின் புருசன் செல்லப்பாண்டி. ரெண்டு வருசமாக ஆளைக் காணோம்.

"கேரளாவுக்கு ஓடிட்டான்" என்றான் வேலப்பன். "அம்புட்டுப் பெரிய தோட்டத்துல எங்கேன்னு தோண்டுறது? எடத்தைக் காட்டும்மா" என்று கையை விரித்தார் இன்ஸ்பெக்டர். சுப்பம்மாவும் அவனுக்குச் சந்தேகம் வராதபடி கும்பிடும் கைதட்டலுமாக இருந்து, அதே தோட்டத்தில் களை பறித்துக்கொண்டே தேடித்தான் பார்த்தாள். புருசனை முறையாக அடக்கம் பண்ண வேண்டும், இவன் கையில் விலங்கு ஏற வேண்டும். அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

மதுரையிலிருந்து வந்திருந்த தடயவியல் ஆராய்ச்சியாளர் ஜென்சி, திரையில் இலைகளின் படத்தைக் காட்டினாள்.

"பொணத்தைப் புதைச்ச எடத்துல நிக்கிற மரத்தோட இலை நிறம் லேசா மாறுதுங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாது. ட்ரோன்ல கேமரா வச்சு, மேல இருந்து அதைக் கண்டுபிடிக்கலாமான்னு இப்ப ஆராய்ச்சி நடக்குது."

வேலப்பன் வாய்க்குக் கொண்டுபோன போண்டாவைத் தட்டிலேயே வைத்தான். போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

ஜென்சி முடிக்கும்போது இன்னும் ஒரு விஷயம் சொன்னாள். "அட, இம்புட்டுதானா!" என்று கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. சுப்பம்மா சிரிக்கவில்லை. வெரசா வெளியே ஓடினாள்.

"மொதலாளி, புதன்கெழமை ட்ரோன் வருதாம். மொதல்ல நம்ம தோட்டத்து மேலதான் விடுவாங்களாம்."

"வந்தா வரட்டும், எனக்கென்ன? நீ போய் ஒன் சோலியப் பாரு" என்றான். அந்தக் குளிரிலும் அவனுக்கு நெற்றி வியர்த்திருந்தது.

மறுநாள் வெள்ளனே தோட்டத்துக்குள் மரம் அறுக்கிற மெஷின் சத்தம். கூலியாள் ஒருத்தரைக்கூடக் கூப்பிடாமல் வேலப்பனே அறுத்துக்கொண்டிருந்தான். அத்தனை பேரிக்காய் மரம் நிற்க, ஒன்றே ஒன்றைத்தான் அறுத்தான். அதுவும் காய்த்துத் தொங்கிய மரம்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் சுப்பம்மா. 'பாவி! எம் புருசன் மேல நின்னுக்கிட்டா மரம் அறுக்குற?' என்று பல்லைக் கடித்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

பொழுது சாய்வதற்குள் இன்ஸ்பெக்டரும் தாசில்தாரும் மண்வெட்டி ஆட்களோடு வந்துவிட்டார்கள்.

"மரத்துல நோய் விழுந்துருச்சு சார், அதான் அறுத்தேன்" என்றான் வேலப்பன். தரையெல்லாம் நல்ல பழமாகக் கிடந்தது.

தோண்டத் தோண்ட முதலில் ஒரு பச்சை ஸ்வெட்டர் வந்தது. குளிருமே என்று சுப்பம்மா வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர். அந்த மண்ணிலேயே விழுந்து, ரெண்டு வருசத்து அழுகையையும் அழுது தீர்த்தாள்.

விலங்கு மாட்டும்போது வேலப்பன் பித்துப் பிடித்தவன்போலப் புலம்பினான். "புதன்கெழமைதானே ட்ரோன் வரும்னா... அதுக்குள்ள எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

சுப்பம்மா எழுந்தாள். அவன் முகத்துக்கு நேராக ஓங்கி ஒருமுறை கை தட்டினாள்.

"ஏலே வேலப்பா, அது புழக்கத்துக்கு வர இன்னும் பத்து வருசம் ஆகும்னு மேடம் சொல்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டியேலே!"