அண்ணிகள் வரவில்லை

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நேற்றுக் காலை வரை என் வீட்டுக்காரர் இந்த மூன்று பேருக்கும் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தவர். மதியம் அவரை ராணுவத் தலைமைத் தளபதியாக அறிவித்துவிட்டார்கள். இனி இவர்கள் அவருக்கு அடிக்க வேண்டும்.

அவர் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதிரி பிடித்துக்கொண்ட மலையை ஒரு சிப்பாயைக்கூடப் பறிகொடுக்காமல் மீட்டவர். வீட்டில் ஒரு பல்பு மாட்டத் தெரியாது, அது வேறு விஷயம்.

ஆனால் பட்டாளத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தன்னைத் தாண்டி இளையவன் மேலே போனால், மூத்தவர் மறுநாளே ராஜினாமா கொடுத்துவிடுவார். சின்னவனுக்குக் கை தூக்குவதைவிட ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். கோபம் அதோடு தீர்ந்துவிடும்.

இவர்களில் ஒருவரும் கொடுக்கவில்லை. மாலை டீக்குக் கூப்பிட்டதும் பல்லெல்லாம் தெரிய வந்து நிற்கிறார்கள்.

முதலில் வந்தவர் மீசைக்காரர். தலைநகரைக் காக்கும் படை மொத்தமும் அவர் கையில். பூங்கொத்தை நீட்டினார்.

"அண்ணி வரலையா?" என்றேன்.

"அவ அம்மாவுக்கு உடம்பு சரியில்லம்மா. ஊருக்குப் போயிருக்கா."

அந்த அம்மாளின் சாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தவள் நான். பூங்கொத்தை வாங்கிக்கொண்டேன்.

அடுத்தவர் டாங்கிப் படைக்காரர். எல்லோருக்கும் குண்டண்ணன். அவர் மனைவி பிள்ளைகளோடு தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். அவருடைய சின்னவனும் என் மகளும் ஒரே வகுப்பு. நாளைக்குக் கணக்குப் பரீட்சை. மாடியில் என் மகள் புத்தகமும் கையுமாகக் கிடக்கிறாள். பரீட்சைக்கு முதல் நாள் எந்தத் தாய் பிள்ளையை விருந்தாடக் கூட்டிப்போவாள்?

கடைசியாகப் பெரியண்ணன். மூவரிலும் மூத்தவர். என் வீட்டுக்காரருக்குக் குண்டடி பட்டபோது ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உட்கார்ந்திருந்த மனிதர். இன்றைக்குப் பட்டாளத்தில் யாரைக் கேட்டாலும் அவர் கையால் வளர்ந்தேன் என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் படை எழுந்து நிற்கும்.

"நான் வளர்த்த பிள்ளைக்கு நானே சல்யூட் அடிக்கிறதுல என்னம்மா வெட்கம்?" என்று என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார். குத்திக்காட்டுகிறார் என்றே எனக்குப் பட்டது. அண்ணியைக் கேட்டதற்கு, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்.



எங்கேயாவது துப்பாக்கி வெடிக்கப்போகிறது என்றால் பட்டாளத்துக்காரன் முதலில் பெண்டாட்டியைத்தான் பெட்டி கட்டச் சொல்வான். மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் பெட்டி கட்டியிருக்கிறார்கள். நானோ கேக் வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மனுஷன் ஹாலில் உட்கார்ந்து அவர்களோடு பழைய கதை பேசிச் சிரிக்கிறார். மலையைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு எதிரில் இருக்கும் ஆளைப் படிக்கத் தெரியவில்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி அவரைச் சமையலறைக்கு இழுத்து வந்தேன்.

"என்னங்க, மூணு பேர் வீட்டிலயும் பொம்பளைங்க இல்ல. உங்களைக் கொன்னுடுவாங்க."

"தெரியும்," என்றார்.

சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தார். நிறைய இருந்தது. மூடி வைத்தார்.

"பின்னாடி வண்டி நிக்குது. பாப்பா ஏறிட்டா. நீயும் உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு. நான் சொன்னப்புறம் வந்தாப் போதும்."

பின்கட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்தப் பக்கம் நான் முன்பின் பார்த்திராத சிப்பாய்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். கையில் துப்பாக்கி. காலில் பூட்ஸ் இல்லை, வெறும் சாக்ஸ். சத்தம் கேட்கக் கூடாதென்று கழற்றியிருக்கிறார்கள்.

ஆபீசர் மெஸ்ஸுக்குக் கூப்பிடாமல் இவர்களை ஏன் வீட்டுக்குக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரியண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் பின்கட்டுக் கதவைக் காலால் தள்ளி மூடினார்.

"தங்கச்சி, கண்ணாடியை மறந்து வச்சிட்டு வந்துட்டேன். இப்பதான் உங்க அண்ணி அனுப்பினா. யாரு சாயல்னு பார்த்துச் சொல்லும்மா."

செல்போனில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில். களைத்துப்போய்ப் படுத்திருந்தாள் அவர் மகள். பக்கத்தில் அண்ணி. அண்ணியின் கையில், துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை.

"உங்க மூக்குதான் அண்ணே."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. முகமெல்லாம் பூரிப்பாக, மற்ற இருவருக்கும் காட்ட ஹாலுக்கு ஓடினார்.

படத்தை என் வீட்டுக்காரரும் பார்த்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இவரையாவது விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் கோபப்படவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"தெரியாதுதான்," என்றார். "ஆனா மூணு பேர்ல அவர்தான் சீனியர்."