நூற்றுக்கும் நானூற்றுக்கும் நடந்த சண்டை

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. கையில இருக்கிற போனைக் கவிழ்த்து வச்சீங்கன்னா, போனுக்குள்ளேயே நடந்த கதை ஒண்ணு சொல்வேன். தென்காசியில் செல்போன் பழுது பார்க்கிற சங்கரபாண்டியும், தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்கிற அந்தோணிப்பிச்சையும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால் இணையக் குழு ஒன்றில் மூன்று வருஷமாகத் தினமும் சண்டை.

"ஒரே செயலி, ஒரே சாமான். என் பழைய போன்ல நூறு ரூவா, உம்ம விலை ஒசந்த போன்ல நானூறு. பணக்காரன்னு மோப்பம் பிடிச்சு விலை வைக்கான், நீரும் குடுக்கீரு" என்பார் சங்கரபாண்டி.

"தரத்துக்குக் குடுக்கேன் வே. ஓட்டைப் போனுக்கு அது எங்க புரியும்?" என்பார் அந்தோணிப்பிச்சை.

திடீரென்று அந்தோணிப்பிச்சையைக் குழுவில் காணோம். பத்து நாளாயிற்று. எவ்வளவு சீண்டியும் பதில் இல்லை. 'சுகமா' என்று சங்கரபாண்டி எழுதுவார், அழிப்பார். முந்நூறு பேர் பார்க்கிற இடத்தில் எதிராளியை எப்படி நலம் விசாரிப்பது? கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினார்: "நீர் சொன்னதுதான் சரி வே. நான் தோத்துட்டேன்."

குழுவே சிரித்தது. மறுநாள் பதில் வந்தது.

"நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. இன்னைக்குத்தான் மக என் போனைக் கையில குடுத்தா. நீரு தோத்துட்டா எனக்கு இங்க எப்படிவே பொழுது போவும்?"

சங்கரபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்: "அந்தப் போனை முதல்ல ஒளிச்சு வையும். அதைப் பார்த்துத்தான் பில்லு போடுவான்."

உங்க வீட்டில் யாரையாவது ஒருநாள் காணோமென்றால், தேடித் தவிக்க ஒரு சண்டைக்காரராவது இருக்கட்டும். நல்லா இருங்க மக்கா.