கடைசிக் கேள்வி

"டாக்டர், உங்க கையால யாருக்காவது கண்ணு போயிருக்கா?"

மகன் இப்படிக் கேட்டதும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டாக்டரிடம் முகத்துக்கு நேரே கேட்கிற கேள்வியா இது? முழங்கையால் அவன் விலாவில் மெல்ல இடித்தாள். அவன் அசையவில்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அம்மாவுக்கு இருப்பதே ஒரு கண்தான். மற்றது குழந்தையிலேயே காய்ச்சலில் போய்விட்டது. இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு தையல் மிஷின் மிதித்துத்தான் அவனை ஆளாக்கினாள். இப்போது அதிலும் புரை. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். அதில் ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் இருட்டுதான்.

அதனால் டாக்டர் தேடும் வேலையை மகன் கையில் எடுத்துக்கொண்டான். தக்காளி வாங்கினாலும் எப்போது பறித்தது, எந்தத் தோட்டம் என்று கேட்கிறவன். அவன் மனைவி அவனுக்கு வைத்திருக்கிற பெயரே 'விசாரணைக் கமிஷன்'. கண் விஷயத்தில் விடுவானா?

போன இடத்திலெல்லாம் கடைசியில் இதே கேள்விதான். ஒரு டாக்டர் சிரித்து மழுப்பினார். இன்னொருவர், தன்னிடம் வந்தவர்கள் நூற்றுக்கு நூறு பேரும் பார்வையோடுதான் திரும்பினார்கள் என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். மகனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எதற்கும் இந்த டாக்டரம்மாவையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அம்மாதான் இழுத்து வந்தாள்.

டாக்டரம்மாவும் சளைக்கவில்லை. எங்கே படித்தார், யாரிடம் தொழில் பழகினார், பெரிய ஆஸ்பத்திரியை விட்டு ஏன் தனியாக வந்தார் என்று அவன் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுக்க வைத்து ஆபரேஷன் செய்யச் சொன்னார்களாம். கை தாங்கும், கவனம் தாங்காது என்று வெளியே வந்துவிட்டாராம்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடைசிக் கேள்வி.

டாக்டரம்மா கையிலிருந்த சின்ன டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தார்.

"போயிருக்கு. ஒருத்தருக்கு."

மகன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

அவராகவே மேலே சொன்னார். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்ததாம். அப்புறம் கண்ணுக்குள் கிருமி தொற்றிவிட்டது. வலிக்கிறது என்று அந்த நோயாளி சொன்னபோது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் விட்டுவிட்டார். உடனே வரவழைத்துப் பார்த்திருக்க வேண்டும். அது தன் தப்புதான் என்றார். அன்றிலிருந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வேறு யாரிடமும் விடுவதில்லை, லீவு நாளானாலும் மறுநாள் காலையில் தானே வந்து கட்டைப் பிரித்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

"உங்க அம்மாவுக்கு அப்படி ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க. ஆகாம இருக்க என்னென்ன செய்வேன்னு வேணா சொல்றேன்."

மகன் எழுந்துவிட்டான். யோசித்துச் சொல்கிறோம் என்று வாய் சொன்னது. கை அம்மாவின் தோளைப் பிடித்து வெளியே நடத்தியது.

வராந்தாவில் அம்மா நின்றுவிட்டாள்.

"நான் இங்கேயே பண்ணிக்கிறேன்டா."

அவனுக்கு வந்ததே கோபம். அந்த அம்மா தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகுமா, உனக்கென்ன புத்தி பேதலித்துவிட்டதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"துணியைக் கெடுத்துட்டா, கெடுத்துட்டேன்னு சொல்ற தையல்காரியை நம்பலாம். மிஷின் மேல பழி போடுறவளை நம்பக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"துணி போனா வேற துணி எடுக்கலாம்மா. கண்ணு போனா எங்க போயி எடுக்கிறது?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆண்டவனே, நீதான் ஒரு வழி காட்டணும் என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

பக்கத்து பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பச்சை அங்கி, தலையில் துணித்தொப்பி. வலது புருவத்துக்கு மேலே பேனாவால் ஓர் அம்புக்குறி. ஆபரேஷனுக்குத் தயார் செய்து உட்கார வைத்திருந்தார்கள். நர்ஸ் சொட்டு மருந்து விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவுக்குப் புரிய வைக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"சார், நீங்களே எங்க அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க. இந்த டாக்டர் கையால ஒருத்தருக்குக் கண்ணு போயிருக்கு. அவங்களே சொல்றாங்க. இது தெரிஞ்சுதான் நீங்க வந்தீங்களா?"

அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"தெரியாம என்ன தம்பி. போனது என்னோட இடது கண்ணுதான். இன்னிக்கு வலது கண்ணையும் அவங்ககிட்டயே கொடுக்க வந்திருக்கேன்."