தலைவர் தள்ளிவைத்த ரொட்டி

“மனித குலத்தின் வீழ்ச்சி அடுப்பில்தான் தொடங்கியது!” என்று நெரிடாவின் சமையலறை நடுவில் நின்று முழங்கினார் டெஸ்மண்ட். அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தபோது ஓர் ஈ உள்ளே போய்விட்டது.

துப்பிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மில்டூரா சமைக்கா உணவுச் சங்கத் தலைவருக்குரிய தோரணையை மீட்டுக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஜனவரி மாதத்து மதியம்; அந்த ஊரில் அதுதான் உச்சக் கோடை. தகரக் கூரை தலைக்கு மேல் வெயிலில் விரிந்து சடசடத்துக்கொண்டிருந்தது.

குற்றச்சாட்டு இதுதான்: நெரிடா ரொட்டியைச் சமைக்கிறாள். முளைகட்டிய கோதுமை, ஆளிவிதை, வெங்காயம் எல்லாவற்றையும் அரைத்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, உலர்த்தும் பெட்டியில் காயவைத்து எடுப்பதுதான் சங்கத்து ரொட்டி. சூடு நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உயிர்ச்சத்து செத்துவிடும், அது சமையல்.

சங்கத்தில் எவர் செய்த ரொட்டியும் செருப்புத் தோலைவிட மேலாக வந்ததில்லை. நெரிடாவின் சாண்ட்விச்சை மட்டும் சனிக்கிழமைச் சந்தையில் ஜனங்கள் இரண்டாவது முறையும் வந்து வாங்கினார்கள். சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சந்தைக் கடை சங்கத்தின் பெயரில் இருந்தது. நெரிடாவின் பிழைப்பு அந்தக் கடையில் இருந்தது.

“டெஸ், தண்ணி குடிக்கிறியா?”

“தலைவர்னு சொல்லு. இது விசாரணை.”

“சரி தலைவரே, தண்ணி குடிக்கிறியா?”

குடித்தார். “அந்த ஃபேனைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்து.”

“வயர் எட்டாது. இந்த ரூமுக்கே ஒரே பிளக்தான்.”

அவர் ஒரு நாற்காலியை ஃபேன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விசாரணையைத் தொடர்ந்தார். “உன் ரொட்டி மடங்குது. நம்ம ரொட்டி எல்லாம் உடையுது. சமைக்காம எப்படி மடங்கும்?”

“முழுசாக் காயறதுக்கு முன்னாடி திருப்பிப் போடணும். நீங்க எல்லாரும் மறந்து தூங்கிடறீங்க. போன சனிக்கிழமை நீயே மூணு தின்னியே, அப்ப தெரியலையா?”

“அது சோதனை.”

“மூணாவதுமா?”

அவரோடு வந்திருந்த சங்கச் செயலாளர் வெர்னா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு உலர்த்தும் பெட்டியின் கதவைத் திறந்தாள். தட்டுத் தட்டாக ரொட்டி. டெஸ்மண்ட் சட்டைப் பையிலிருந்து ஊசி வெப்பமானியை வாளைப்போல உருவி, ரொட்டிகளுக்கு நடுவே செருகினார்.

நாற்பத்து நான்கு.

“பாத்தியா வெர்னா! நாப்பத்தி நாலு!” பரிசுச் சீட்டு விழுந்தவர் போலக் கத்தினார்.

“நான் சமைக்கல,” என்றாள் நெரிடா.

“அப்ப நம்பர் பொய் சொல்லுதா?”

“நம்பர் சரிதான். ஆனா நான் சமைக்கல.”

வெர்னா அவள் தோளருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். “நெரிடா, பேசாம மன்னிப்புக் கேட்டுடேன். சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் ரெண்டு வார்த்தை. கடையாவது மிஞ்சும்.”

“செய்யாததுக்கு எதுக்குக் கேக்கணும்? கடையைப் புடுங்கிக்கோங்க. நான் ரோட்டோரத்துல ஒரு மேஜை போட்டு விப்பேன். ‘தலைவர் தள்ளிவச்ச ரொட்டி’ன்னு போர்டு வேற வைப்பேன். கூட்டம் இன்னும் கூடும்.”

கூடும் என்று டெஸ்மண்டுக்கும் தெரிந்திருந்தது. அதனால் குரலை இன்னும் உயர்த்தினார். “எப்படிச் சூடாச்சுன்னு எல்லாம் சங்கம் கேக்காது. நாப்பத்திரண்டைத் தாண்டினா சமைச்சதுதான்.”

“எப்படித் தாண்டியிருந்தாலும்?”

“எப்படித் தாண்டியிருந்தாலும்!”

“யார் சாப்பாடா இருந்தாலும்?”

“என் சாப்பாடா இருந்தாலும்!” நெஞ்சில் தட்டிக்கொண்டார். வியர்வையில் அது சப்பென்று கேட்டது. “சமைச்சதைத் தின்னவனுக்குச் சங்கத்துல இடமில்ல. வெர்னா, பெட்டியைத் தூக்கு. சனிக்கிழமை சாட்சிக்கு வேணும்.”

தூக்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டுமே என்று வெர்னா பெட்டியின் வயரை இழுத்தாள். பின்னாலிருந்து முழு வயரும் ஒரு சிக்கலும் இல்லாமல் அவள் கைக்கு வந்தது. அதன் முனை எதிலும் செருகப்பட்டிருக்கவில்லை.

“இது ஆன்லயே இல்லையே!”

“இந்த வெயில்ல அதுக்கு எதுக்குக் கரண்டு?” என்றாள் நெரிடா. “ஈ மொய்க்காம இருக்கத்தான் உள்ள வச்சேன்.”

வெர்னா ரொட்டியிலிருந்து வெப்பமானியை எடுத்து, அறையின் நடுவில் வெறும் காற்றில் பிடித்தாள். மூன்று தலைகளும் குனிந்தன. நாற்பத்து நான்கிலிருந்து அது அசையவில்லை.

“அப்போ இன்னிக்கு ஊர்ல இருக்கற எல்லாமே...” என்று ஆரம்பித்த வெர்னா, தலைவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“விதியை மாத்துன்னு நான் கேக்கல,” என்று பெட்டியின் கதவைச் சாத்தினாள் நெரிடா. “அப்படியே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு டெஸ். உன் மத்தியானச் சாப்பாடு எங்க இருக்கு?”

தலைவர் ஜன்னல் வழியாக, பொட்டு நிழல் இல்லாத தெருவைப் பார்த்தார்.

“கார்ல.”